பங்களாவின் பின்கட்டு

பள்ளிக்கூடங்கள் ஆண்டிறுதி விடுமுறைக்காக மூடப்பட்டுவிட்டால், சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வழக்கமான கூட்டத்தோடு இன்னொரு கூட்டமும் வந்து சேர்ந்துகொள்கிறது. கோழித்தொடை, இறால், பொட்டலம் பொட்டலமாக மசாலை, ஒரு மூட்டைக் கரி என்று கையில் ஜாபிதாவை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் அந்தக் குடும்பங்கள், தங்கள் அடுக்களைக்காகச் சாமான் வாங்க வந்தவை அல்ல. பாசிர் ரிஸ்ஸிலோ சாங்கியிலோ இரண்டு இரவுக்கு ஒரு ஷாலேயைப் பதிவு செய்துவிட்டு, பாட்டி முதல் பால்மணம் மாறாத பேரன் வரை அத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்க்கும் பெருமுயற்சியில் இறங்கியவை. பன்னிரண்டாம் மாடியில் வாழ்கிறவர்களுக்கு, கதவைத் திறந்தால் கால் மண்ணில் படுகிற வீடும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் மரநிழல் மேலே விழுகிற முற்றமும் வருஷத்தில் இரண்டு நாளாவது கிடைக்க வேண்டும் என்ற ஆசை உண்டாவது இயற்கை. அந்த ஆசையையும் இந்தத் தீவின் பழைய பங்களாக்களையும் ஒன்று சேர்த்து, அரசாங்கத்துக்கும் வாசகர்களுக்கும் ஒரு யோசனையைச் சொல்ல விரும்புகிறேன்.

நகரத்தை விட்டு விலகி, பச்சையும் காற்றும் உள்ள இடத்தில் வீடு ஒன்றை அமைத்துக்கொண்டு இளைப்பாறும் வழக்கத்தை இங்கே தாராளமாக அனுபவித்தவர்கள் பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர்கள். சென்னை ராஜதானியை ஆண்ட அவர்களுடைய இனத்தார் கோடை பிறந்ததும் உதகமண்டலத்துக்கு ஏறிப் போய்விடுவார்கள். சொல்லிக்கொள்ளும்படியான மலை இல்லாத சிங்கப்பூரில் இவர்கள் கடற்கரையையும் சிறு தீவுகளையும் நாடினார்கள். சாங்கி முனையிலும் செம்பவாங் கரையிலும் காத்தோங்கிலும் செல்வர்களும் அதிகாரிகளும் எழுப்பிய விடுமுறை வீடுகளில் சில இன்றும் நிற்கின்றன. காத்தோங் வீடுகள் 1966இல் தொடங்கிய கடல் நிரப்பும் வேலையால் தங்கள் கடலையே இழந்துவிட்டன. செம்பவாங்கில் டேவிட் என்ற செல்வரின் குடும்பம் 1910களில் கட்டிய பியூலியு மாளிகை கடற்படைத் தளத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டு, பின்னாளில் உணவகமாக மாறியது.

இன்னும் பின்னோக்கிப் போனால் நம்முடைய சிராங்கூன் சாலையே நாட்டுப்புறமாகத்தான் இருந்தது. 1840களில் ஃபேரர் பார்க் பக்கம் குதிரைப் பந்தயத் திடல் அமைந்த பிறகு அதன் சுற்றுவட்டாரத்தில் ஐரோப்பியர்கள் தோட்டமும் துரவுமாக வீடு கட்டிக்கொண்டு வசித்தார்கள். டன்லப், நோரிஸ் என்று நாம் அன்றாடம் உச்சரிக்கும் தெருப்பெயர்கள் அவர்கள் விட்டுப்போன அடையாளங்கள். அந்தத் தோட்டவீடுகளுக்கு அப்பால் சுண்ணாம்புச் சூளைகள் புகைந்தன, எருமைகள் சேற்றில் கிடந்தன. சூளையிலும் தொழுவத்திலும் வேலை செய்த நம் ஜனங்கள் இந்த இடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள், வீரமாகாளியம்மன் கோவிலும் அந்தப் பெயராலேயே நெடுங்காலம் வழங்கி வந்தது. ஐரோப்பியரின் அந்தத் தோட்டவீடுகள் ஒன்றுகூட இன்று இல்லை. கெர்பாவ் சாலையில் 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட டான் டெங் நியாவின் வீடு மாத்திரம், லிட்டில் இந்தியாவில் எஞ்சியுள்ள கடைசிச் சீன வில்லாவாக, வானவில்லின் அத்தனை வர்ணங்களையும் பூசிக்கொண்டு நிற்கிறது. ஊர் பார்க்க வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த நிமிஷம் வேறு தெருவுக்குப் போய்விடுகிறார்கள்.

சிங்கப்பூரில் ஆங்கிலேயரின் நாட்டுப்புற வீடு எப்படி இருந்தது என்று கண்ணால் காண விரும்புகிறவர்கள் புலாவ் உபினுக்குத்தான் போக வேண்டும். சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் புறப்படுகிற படகில் ஏறி அக்கரை சேர்ந்து, சைக்கிளிலோ வாடகை வேனிலோ தீவின் கிழக்கு முனைக்குச் சென்றால், செக் ஜாவா ஈரநிலத்தின் ஓரத்தில் முதலாம் எண் வீடு என்று வழங்கும் அந்த வீடு தென்படும். 1930களில் தலைமை நில அளவையாளராக இருந்த லாங்டன் வில்லியம்ஸ், ஓய்வு நாட்களைக் கழிப்பதற்காகத் தம்முடைய நாட்டுப் பழைய டியூடர் பாணியில் இதைக் கட்டிக்கொண்டார். சரிந்த ஓட்டுக் கூரையும், வெள்ளைச் சுவரில் பதிந்த கருமரச் சட்டங்களும், எல்லாவற்றுக்கும் மேலாக, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஒரு வீட்டில் நாம் சற்றும் எதிர்பாராத குளிர்காயும் கணப்பும் அங்கே இருக்கின்றன. வியர்வை வழிய அந்தக் கணப்பின் முன் நிற்கிறவர்களில் பலர் சிரித்துவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றியதில்லை. பிறந்த மண்ணை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்த மனிதன், அங்கே தான் சிறு வயதில் கண்ட ஒன்றை இங்கே ஒரு மூலையிலாவது நிறுத்திவைத்துக்கொள்ள வேண்டும் என்று தவிக்கிற தவிப்பு நமக்குப் புதியதல்ல. சிராங்கூன் சாலையில் கோபுரம் எழுப்பிய நம் முன்னோர்களும் அதே தவிப்பைக் கொண்டவர்கள்தாம்.

இந்த வீட்டைப் பாதுகாப்புக்குரிய கட்டடமாக 2003ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். செக் ஜாவாவின் கரையை நிரப்பிவிடுவதாக முன்பு இருந்த திட்டம் பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் எடுத்துச் சொன்னதன் பேரில் 2001ஆம் ஆண்டு இறுதியில் ஒத்திவைக்கப்பட்டிராவிட்டால், வீடு நின்றாலும் அதன் கடல் போயிருக்கும். பழுது பார்க்கப்பட்டு 2007 முதல் பார்வையாளர் நிலையமாக விளங்கும் அந்த வீட்டைத் தேசியப் பூங்காக் கழகம் நன்றாகவே பராமரித்து வருகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் மாலையானால் அதைப் பூட்டிவிடுகிறார்கள். குடும்பம் ஒன்று தூங்கி எழுவதற்காகக் கட்டப்பட்ட வீட்டில் ஒருவரும் தூங்குவதில்லை. தீவில் இரவைக் கழிக்க விரும்புகிறவர்கள் ஜெலுத்தோங்கிலோ மாமாமிலோ கூடாரம் அடித்துக்கொள்ளலாமே தவிர, அந்தக் கூரையின் கீழ் படுத்து, அலை ஏறி இறங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டு கண்ணயர வழியில்லை. வீடு என்பது சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிற பொருள் அல்ல. விடியற்காலையில் எந்த ஜன்னல் வழியாக முதல் வெளிச்சம் வருகிறது, மழை பெய்தால் எந்தத் தாழ்வாரத்தில் தண்ணீர் தெறிக்கிறது, நடுநிசியில் எந்தப் பலகை கிறீச்சிடுகிறது என்பதெல்லாம் அதில் ஒரு ராத்திரியாவது தங்கினவர்களுக்கே தெரியும். குழந்தைகள் இவற்றைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் தெரிந்துகொள்கிறார்கள்.

உபினிலேயே இன்னொரு சரித்திரமும் உண்டு. 1851இல் பெட்ரா பிராங்காவில் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்துக்கும் கருங்கல் கொடுத்தது இந்தத் தீவு. கல்லை வெட்டி உருட்டிய சீனத் தொழிலாளிகளின் குடிசைகளில் எஞ்சியவை சொற்பம். 363பி எண்ணுள்ள கம்பத்து வீடு ஒன்றைப் புதுப்பித்து, 1970களில் ஒரு சீனக் குடும்பம் வாழ்ந்த விதத்தில் காட்டுகிறார்கள் என்பது மெச்சத்தக்க காரியம். முதலாம் எண் வீட்டைக் கட்டிய அளவையாளரின் பெயரும் நமக்குத் தெரிகிறது. அவர் விடுமுறைக்கு வந்த நாட்களில் அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவர் யார், சமைத்தவர் யார், கணப்பைத் துடைத்தவர் யார் என்பதற்கு அங்கே விடை இல்லை. நான் சொல்ல வந்த விஷயத்தின் மறுபாதி இங்கேதான் இருக்கிறது.

சிங்கப்பூரில் கறுப்பு வெள்ளை பங்களா என்று வழங்கும் வீடுகள் ஏறக்குறைய 500 இன்னமும் அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. நில ஆணையம் அவற்றை வாடகைக்கு விட்டு நிர்வகித்து வருகிறது. ஆடம் பார்க், அலெக்சாண்ட்ரா பார்க், செம்பவாங், செலேத்தார், சாங்கி என்று பல இடங்களில் பரவிக் கிடக்கும் இவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரண்டாம் உலக யுத்தம் வரை கட்டப்பட்டவை. தரையினின்றும் உயர்த்திய தூண்கள், காற்று நேரே ஊடுருவிச் செல்லும் விசாலமான கூடம், வெயிலைத் தடுக்கும் மூங்கில் தட்டி, அகலமான தாழ்வாரம் என்று அவற்றின் முன்புறத்தை வர்ணிக்கும் படப் புத்தகங்கள் அநேகம். பின்புறத்தை வர்ணிக்கிறவர்கள் குறைவு. பெரிய வீட்டிலிருந்து ஒரு மூடிய நடைபாதை வழியே போனால், சமையற்கட்டும் அதையொட்டி வரிசையாகச் சிறு அறைகளும் வரும். அந்த அறைகளில் ஹைனான் சமையற்காரர் இருந்தார், கான்டன் ஆயா இருந்தார், காரோட்டும் பாவியான் தீவுக்காரர் இருந்தார், கெபுன் என்று துரைமார் கூப்பிட்ட தமிழ்த் தோட்டக்காரர் தம் மனைவி மக்களோடு இருந்தார். துணி வெளுத்தவர்களுக்கு அந்த அறையும் இல்லை. அவர்கள் பிராஸ் பாசா ஓடைக்கரையில் வெளுத்து உலர்த்திய இடம் டோபி காட் என்று ரயில் நிலையத்தின் பெயராக நிலைத்துவிட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழர்கள் கான்பரா சாலைப் பக்கம் மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாடு புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோவிலாக யீஷூனில் வளர்ந்து, ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்குப் பெருங்கூட்டத்தைச் சேர்க்கிறது. தளத்து அதிகாரிகளின் வெள்ளை பங்களாக்களும் அந்தக் கோவிலும் ஒரே சரித்திரத்தின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தைப் புத்தகத்தில் படிக்கிறோம், மறுபக்கத்துக்குக் காவடி எடுத்துக்கொண்டு போகிறோம்.

பின்கட்டின் கதையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன் எங்கள் குடும்பம் சாங்கியில் பழைய பங்களா ஒன்றில் விடுமுறைக்குத் தங்கியது. பெட்டிகளை இறக்கியதும் குழந்தைகள் எல்லோரும் முன்கூடத்துக்கு ஓட, என் பெரியம்மா மாத்திரம் செருப்பைக் கழற்றாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அவருடைய தகப்பனார் விமானப்படை அதிகாரி ஒருவரின் பங்களாவில் தோட்டவேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் விலகிப்போகும் வரை அந்தக் குடும்பம் அது போன்ற ஒரு பின்கட்டு அறையில்தான் வாழ்ந்தது. நாங்கள் தங்கிய வீட்டில் அந்த அறைகளில் உடைந்த நாற்காலிகளும் சலவை இயந்திரமும் இருந்தன. “இந்த மாதிரித் திண்டுலதான்டா தாத்தா மண்வெட்டியைச் சாத்தி வெப்பாரு. மழை பேஞ்சா நாங்க அஞ்சு பேரும் இம்புட்டு எடத்துக்குள்ளதான் ஒண்டிக்கிட்டு இருப்போம். முன்பக்கம் போனா அப்பா திட்டுவாரு” என்று அவர் சொல்லச் சொல்ல, சற்று முன்பு கூடத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த பேரப்பிள்ளைகள் அந்தக் குறுகலான அறைக்குள் வந்து, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சரித்திரப் பாடத்தில் அவர்கள் படித்த குடியேற்ற ஆட்சி என்ற சொல், அன்று அவர்களுக்கு நீள அகலத்தோடு விளங்கிற்று. அந்த இரண்டு நாளும் பெரியம்மா முன்தாழ்வாரத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அவரை எழுந்து வேலை செய்ய விடவில்லை.

அந்தப் பின்கட்டில் பிறந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைத் தொடுகிறார்கள். அவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்று காட்டக்கூடிய காலம் இன்னும் வெகுவாக மிச்சமில்லை. ஆகவே கறுப்பு வெள்ளை வீடுகளில் நான்கைந்தையாவது நில ஆணையம் தனியே எடுத்துவைத்து, முன்கூடத்தோடு பின்கட்டையும் அதே சிரத்தையோடு புதுப்பித்து, எந்தக் குடும்பமும் இரண்டு மூன்று இரவு தங்கக்கூடிய விடுமுறை வீடுகளாகத் திறந்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வருமானம் பெருத்தவர்கள் மாத்திரம் போய் இறங்குகிற உயர்தர விடுதியாக அது ஆகிவிடக் கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வசிக்கும் குடும்பம் ஷாலேக்குக் கொடுக்கிற வாடகையைக் கொடுத்துத் தங்கும்படியாக இருக்க வேண்டும்.

உலகத்தில் யாரும் செய்யாத காரியம் அல்ல இது. நம் நாடு சுதந்திரம் அடைந்த அதே 1965ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஜான் ஸ்மித் என்பவரும் அவருடைய மனைவியும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். இடிந்து விழும் நிலையிலுள்ள பழைய வீடுகளையும் கோபுரங்களையும் குடிசைகளையும் மீட்டு, பழுது பார்த்து, விடுமுறைக்கு வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவது அதன் முறை. வாடகைப் பணம் பராமரிப்புக்குப் போகிறது. ஏறக்குறைய 200 கட்டடங்கள் இன்று அதன் பொறுப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டின் சரித்திரத்தை விவரிக்கும் தொகுப்பு ஒன்றும், தங்கிப் போகிறவர்கள் அடுத்து வருகிறவர்களுக்காக எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்றும் இருக்கும், தொலைக்காட்சி இராது. கிப்ளிங் அமெரிக்காவில் கட்டிக்கொண்டு காட்டுப் புத்தகக் கதைகளை எழுதிய நௌலாகா என்ற வீட்டிலும் இந்த முறையில் ஒரு குடும்பம் போய்த் தங்கலாம். நம் பங்களாக்களிலும் அப்படி ஒரு குறிப்பேடு இருந்து, சமையற்காரரின் பேத்தி சீனத்திலும் காரோட்டியின் பேரன் மலாயிலும் தோட்டக்காரரின் மகள் தமிழிலும் தங்கள் ஞாபகத்தை எழுதிவைத்தால், பத்து வருஷத்தில் எந்தச் சுவடிக்கூடத்திலும் இல்லாத பொக்கிஷம் சேர்ந்துவிடும்.

கதையைச் சொல்லாமல் வீட்டை மாத்திரம் வாடகைக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவின் கேமரன் மலையே சாட்சி. சிங்கப்பூர்க் குடும்பங்கள் நெடுங்காலமாக விரும்பிப் போகிற அந்தக் குளிர்ப்பிரதேசத்தில் ஆங்கிலேயர் பாணி வீடுகள் பல உண்டு. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், மூன்லைட் பங்களாவில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது 1967 மார்ச் 26ஆம் தேதி உலாவப் போய்த் திரும்பாமலே போனார் என்ற கதையை அங்கே போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, தேயிலைச் சரிவின் நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சரிவில் காட்டை அழித்துக் கன்று நட்ட தமிழ்ப் பெண்களும் ஆண்களும் எந்த லயத்தில் வாழ்ந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அங்கே போய் வந்த நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு மனிதர் காணாமற்போனது உலகச் செய்தியாக நிலைத்திருக்க, அந்தத் தலைமுறை முழுவதும் பேச்சிலிருந்தே காணாமற்போனதை யாரும் கவனிக்கவில்லை. தமிழர்களே தமிழர்களின் வேர்வையில் விளைந்த மலையில் வெறும் சுற்றுலாப் பயணிகளாகத் திரும்பி வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆட்சேபணைகள் எழும் என்பதை அறிவேன். இந்த வீடுகளுக்கு நல்ல வாடகை கிடைக்கிறது, அதை விட்டுவிடுவதா என்று கேட்கலாம். 500 வீடுகளில் ஐந்தை எடுத்தால் கஜானா காலியாகிவிடாது. மரமும் ஓடும் கொண்ட பழைய வீடுகளைக் கூட்டமாக வருகிறவர்கள் பாழ்படுத்திவிடுவார்கள் என்று சிலர் அஞ்சலாம்; கரி அடுப்பை வீட்டிலிருந்து தள்ளி வைப்பது, தங்குவோர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவது, முன்பணம் பிடித்துவைப்பது போன்ற எளிய ஏற்பாடுகள் அதற்குப் போதும். பூட்டிக் கிடக்கும் மரவீடு கறையானுக்கு இரையாகிற வேகம், ஜனங்கள் புழங்கும் வீட்டுக்கு வருவதில்லை என்பதைப் பழைய வீட்டில் வாழ்ந்த எவரும் சொல்வார்கள். துரைமாருடைய வீட்டை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் அந்த வீட்டை இடித்தாலோ மறந்தாலோ, துரையின் பெயர் ஆவணங்களில் நிலைத்திருக்கும். தோட்டக்காரரின் பெயருக்கு அந்தப் பின்கட்டுச் சுவரைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

இஸ்தானாவை எண்ணிப் பாருங்கள். 1860களின் பிற்பகுதியில் கவர்னர் மாளிகையாக அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். இன்று தீபாவளி உள்ளிட்ட பண்டிகைகளை ஒட்டி அதன் வாசல் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. புடவையும் வேஷ்டியுமாகக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் புல்வெளியில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். நாட்டின் மிக உயர்ந்த மாளிகைக்கே இது சாத்தியம் என்றால், சாங்கியில் ஒரு பங்களாவுக்கு ஏன் ஆகாது? சாங்கிக்கு இன்னொரு தகுதியும் உண்டு. 1965 ஆகஸ்டில் மலேசியாவை விட்டுப் பிரிந்த பிறகு, பிரதமர் லீ குவான் யூ சில வாரங்கள் தங்கி, புது நாட்டின் காரியங்களைக் கவனித்தது அங்கே கடலோரத்தில் உள்ள சாங்கி காட்டேஜ் என்ற அரசாங்க விடுதியில். தேசத்தின் முதல் நாட்கள் கழிந்த கரையில், தேசத்தின் எளிய ஜனங்களுக்கும் சில நாட்கள் கழிக்க இடம் கிடைப்பது பொருத்தமே.

முதல் வீட்டை அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். பின்கட்டு அறைகளில் சலவை இயந்திரத்தை அகற்றிவிட்டு, அங்கே வாழ்ந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொல்கிற விதத்தில் கட்டிலும் பெட்டியும் அடுப்பும் வைக்கலாம். காம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் தமிழ்க் குடும்பங்களிடம் விசாரிக்கும் பொறுப்பை ஏற்கலாம், மலாய், சீனர் மரபுடைமை நிலையங்கள் தங்கள் பங்கைச் செய்யலாம். சுவரில் எழுதி வைப்பதை நான்கு மொழியிலும் எழுதலாம். இடம் கேட்பவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்பதால் குலுக்கல் முறையில் கொடுத்து, அப்படிப்பட்ட பின்கட்டுகளில் பிறந்து வளர்ந்த முதியவர்கள் உள்ள குடும்பங்களுக்கு முதல் இரண்டு வருஷம் முன்னுரிமை அளிக்கலாம். பழுது பார்க்கும் வேலையை இப்போதே தொடங்கினால், அடுத்த ஆண்டிறுதி விடுமுறைக்குள் ஒரு வீட்டையாவது திறந்துவிட முடியும்.